மலையகத்து டர்போ டீசல் வண்டிகளின் காற்று வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரக்கறி லொறி, கொழுந்து லொறி, பள்ளிக்கூட வேன், டபுள் கெப் என்று மலையகத்தில் ஓடும் டர்போ டீசல் வண்டிகளைப் பற்றி கராஜ் வாசலில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. காற்று வழி என்று இங்கே சொல்வது, வெளியிலிருந்து காற்று நுழையும் வாயில் தொடங்கி எயார் ஃபில்டர், காற்றை அமுக்கும் டர்போ, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மெனிஃபோல்ட் வரைக்கும் உள்ள முழுப் பாதையையும். பலர் ஃபில்டரை மட்டும்தான் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும்.

என்னுடைய வண்டிக்கு இதெல்லாம் பொருந்துமா?

கேடிஎச் ஹையேஸ், ஹைலக்ஸ், பொலேரோ, டர்போவோடு வந்த கென்டர், எல்ஃப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பழைய டிமோ பட்டா மாதிரி டர்போ இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் டர்போ, இன்டர்கூலர் பற்றிய பதில்களை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம். தூசிக்கும் தண்ணீருக்கும் டர்போ இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

கொழும்பில் நன்றாக ஓடுகிற லொறி, நுவரெலியா ஏறும்போது மட்டும் கறுப்பாகப் புகை கக்குகிறது. ஏன்?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்தக் குறைவு நேரடியாக இழுவையில் தெரியும். டர்போ இருந்தால், குறைந்த காற்றை ஈடுகட்ட அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சிறிய டர்போக்கள் வழக்கமாகவே நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றுபவை. ரம்பொடை ஏற்றத்தில் முழுச் சுமையோடு இரண்டாம் கியரில் போகும்போது அதனிடம் மிச்சம் வைத்திருக்க ஒன்றும் இருக்காது.

அதனால்தான் பாதி அடைபட்ட ஃபில்டரோ, கொஞ்சம் காற்றுப் போகும் ஹோஸோ கொழும்பில் காட்டிக் கொடுப்பதில்லை. ரம்பொடையில் மாட்டிக்கொள்ளும். காற்று போதாமல் டீசல் மட்டும் அதே அளவு விழுந்தால் எரியாத கரி கறுப்புப் புகையாக வெளியே வரும். பழைய இயந்திர பம்ப் வண்டிகளில் இது அப்படியே கண்ணுக்குத் தெரியும். புதிய கொமன் ரெயில் வண்டிகளில் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடுவதால் புகை குறைவாகத்தான் இருக்கும், ஆனால் வண்டி இழுக்காது. ஓட்டுநர் எக்ஸலேட்டரை மிதிமிதியென்று மிதித்துக்கொண்டு டீசல் சரியில்லை என்று பெற்றோல் ஷெட்டைத் திட்டுவார்.

எங்கள் பக்கத்தில் காற்று வழியை அடைப்பது முக்கியமாக எது?

எந்தச் சரிவில், எந்த மாதத்தில் ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை தூசி. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனை எல்லாம் தண்ணீர்தான். ஊவா பக்கம் இதற்கு நேர்மாறு. மேற்கே மழை கொட்டும் அதே ஜூன், ஜூலையில் ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடையில் காய்ந்த காற்று வீசும், தோட்டத்து ரோடெல்லாம் புழுதி பறக்கும். இரண்டு பக்கமும் ஓடுகிற மரக்கறி லொறிக்கு ஒரே நாளில் இரண்டும் கிடைக்கும். ஃபில்டர் முதலில் தூசி குடித்து, அப்புறம் நனைந்து, அந்தத் தூசியே சேறாகி இறுகும். அதுதான் இருப்பதிலேயே மோசம்.

தூசி என்றால் எல்லாத் தூசியும் ஒன்றல்ல. மலையகத்துப் பாறைகள் நைஸ், சார்னொகைட், குவார்ட்சைட் வகை. அவை உதிர்ந்து ரோட்டில் கிடக்கும் புழுதியில் குவார்ட்ஸ் துகள் நிறைய உண்டு. குவார்ட்ஸ் இரும்பை விடக் கடினமானது. எஞ்சினை அதிகம் தேய்ப்பது கண்ணில் படும் பெரிய மண் இல்லை. 5 முதல் 20 மைக்ரான் அளவில் இருக்கும், தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாத பொடிதான்.

தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் நாள் முழுக்க நிற்கும் லொறிக்கு இன்னொன்றும் சேரும். தேயிலை சலிக்கும்போது பறக்கும் மெல்லிய பஞ்சுத் தும்பு. அது தேய்க்காது. ஆனால் ஃபில்டரின் முகத்தில் போர்வை போலப் படிந்து சீக்கிரம் அடைக்கும்.

ஃபில்டர் பெட்டிக்குள் இருக்கும் காகித எலிமென்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழற்றி ஊத வேண்டும்?

இப்போது நீங்கள் ஊதுவதை விடக் குறைவாக.

இதைச் சொன்னால் பல முதலாளிமார் நம்புவதில்லை. வாரா வாரம் கழற்றி, டயரில் நான்கு தட்டுத் தட்டி, டயர் கடைக் கொம்பிரசரில் ஊதிப் போடுகிற டிரைவரைத்தான் நல்ல டிரைவர் என்று நினைக்கிறார்கள். காகித எலிமென்டில் மேலே படியும் தூசிப் படலமே ஓரளவுக்குக் கூடுதல் வடிகட்டியாக வேலை செய்கிறது. புத்தம் புதிய எலிமென்டை விட, கொஞ்சம் ஓடிய எலிமென்ட்தான் நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு முறை ஊதும்போதும் அந்தப் படலம் போகிறது, காகித நார் தளர்கிறது, ரப்பர் ஓரம் கொஞ்சம் நசுங்குகிறது. பெட்டியைத் திறக்கும்போது மூடியில் ஒட்டியிருக்கும் புழுதி சுத்தமான பக்கத்துக் குழாய்க்குள் விழுகிறது. ஃபில்டரைத் தாண்டி உள்ளே விழுந்த ஒரு சிட்டிகைப் புழுதி, அடைபட்ட ஃபில்டரால் வரும் புகையை விடப் பெரிய சேதம். புகை வந்தால் ஃபில்டரை மாற்றினால் போயிற்று. தேய்ந்த சிலிண்டரை மாற்றினால் லீசிங் கட்ட வைத்த காசு போயிற்று.

சரி, எப்போதுதான் திறப்பது? சில லொறிகளில் ஃபில்டர் பெட்டியிலோ குழாயிலோ சின்னக் கண்ணாடிக் குமிழ் மாதிரி ஒரு காட்டி இருக்கும். உள்ளே சிவப்புப் பட்டை மேலே வந்தால் எஞ்சின் காற்றுக்குத் திணறுகிறது என்று அர்த்தம். கனரக டீசல் எஞ்சின்களில் அது பெரும்பாலும் 25 அங்குல நீர்மட்ட உறிஞ்சலுக்கு, அதாவது குழாயில் தண்ணீரை 25 அங்குலம் மேலே இழுக்கும் அளவுக்கு, சிவப்பாகும்படி அமைக்கப்பட்டிருக்கும். பார்த்துவிட்டு மேலே உள்ள பொத்தானை அழுத்தினால் பழைய நிலைக்குப் போகும். அந்தக் காட்டி இருந்தால் அதை நம்புங்கள். இல்லாவிட்டால் கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கை எடுத்து, தோட்டத்து ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதைப் பாதியாக்குங்கள். காட்டியைத் தனியாக வாங்கிப் பொருத்தவும் முடியும். வண்டியில் சினிமா ஸ்பீக்கர் பூட்டும் செலவில் சின்னப் பங்குதான்.

ஊதியே ஆக வேண்டும் என்றால்?

எப்போதும் உள்ளிருந்து வெளியே. காற்று எந்தத் திசையில் போகிறதோ அதற்கு எதிர்த்திசை. அழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம். டயர் கடைக் கொம்பிரசர் தொட்டியில் 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், அதனால் ரெகுலேட்டரைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊதவே வேண்டாம். நாசிலைக் காகிதத்தோடு ஒட்டிப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மடிப்புகளின் நீளவாக்கில் மேலும் கீழுமாக நகர்த்துங்கள். டயரிலோ கல்லிலோ தட்ட வேண்டாம். ஓரத்தகடு கொஞ்சம் நெளிந்தாலும் பெட்டிக்குள் சரியாக உட்காராது. அந்த இடைவெளி வழியாகத் தூசி ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும்.

ஊதி முடித்ததும் இருட்டான இடத்துக்குக் கொண்டுபோய் எலிமென்டுக்குள் டோர்ச்சைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். காகிதம் முழுக்க மங்கலாக ஒரே மாதிரி ஒளிர வேண்டும். ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தால் அது ஓட்டை. அந்த எலிமென்டைக் குப்பையில் போடுங்கள்.

போடும் முன்னால் பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் காற்றை ஊத வேண்டாம்.

சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைக்கலாமா? மண்ணெண்ணெயில்?

காகித எலிமென்டைக் கழுவக் கூடாது. மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல் எதிலும் நனைக்கவும் கூடாது. பழைய டிராக்டர்களில் வரும் ஒயில் தொட்டி வகை எயார் கிளீனரைக் கழுவலாம், கழுவத்தான் வேண்டும். அதைப் பார்த்துப் பழகிய மெக்கானிக் பாஸ்மார் சிலர் காகிதத்தையும் அதே மாதிரி நடத்துகிறார்கள்.

மழையில் ஓடி ஃபில்டர் நனைந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில், எப்படி நனைந்தது என்று பாருங்கள். மூடுபனியால் ஃபில்டர் நனைந்து வண்டி நின்றதில்லை. லிந்துலையிலும் பட்டிப்பொலையிலும் பனிக்குள் நாள் முழுக்க ஓடினாலும் அந்த ஈரம் எஞ்சினுக்கு ஒன்றும் செய்யாது. நனைப்பது இரண்டு விஷயம். ஒன்று, கொட்டும் மழையில் முன்னால் போகும் பஸ்ஸின் டயர் வாரி அடிக்கிற தண்ணீர். கினிகத்தேனை இறக்கத்தில் பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் இதுதான் நடக்கும். இன்னொன்று, காற்று வாய்க்கும் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவே உள்ள நெளிகுழாய் விலகி, சக்கரம் அடிக்கும் தண்ணீர் நேரே உள்ளே போவது.

நனைந்த காகிதம் ஊதிப் பருத்து துளைகளை மூடிக்கொள்ளும். எஞ்சினுக்கு அது ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு மூச்சு இழுப்பது மாதிரி. இழுவை குறையும், டர்போவின் முன்பக்கத்தில் உறிஞ்சல் கூடும், அந்த உறிஞ்சல் டர்போவில் ஒயிலைத் தடுத்து நிற்கும் சீல் வளையத்தைத் தாண்டி ஒயிலை இழுக்கவும் செய்யும். உறிஞ்சல் மிகவும் கூடினால் ஈரக் காகிதம் கிழிந்தே உள்ளே போகலாம்.

லேசான ஈரம் என்றால் எடுத்து நிழலில், காற்றோட்டமான இடத்தில் காயவையுங்கள். அடுப்பு மேலே, சைலன்சர் மேலே வைக்க வேண்டாம், ஓரத்தில் உள்ள பசையும் ரப்பரும் கெட்டுவிடும். தூசி பிடித்திருந்த ஃபில்டர் நனைந்து சேறாகிவிட்டால் காயவைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். மே மாத மழைக்கு முன்னால் ஒரு புது எலிமென்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருப்பது நல்லது. மழை நாளில் மஸ்கெலியாவில் கடை தேடி அலைய முடியாது.

ஃபில்டர் பெட்டிக்கு அடியில் தொங்கும் ரப்பர் சொண்டு எதற்கு?

உள்ளே சேரும் தண்ணீரும் கனமான தூசியும் வெளியேற. எஞ்சின் ஓடும்போது அது மூடிக்கொள்ளும், வேகம் குறையும்போது லேசாகத் திறந்து துப்பும். எல்லா வண்டியிலும் இருக்காது. இருந்தால், வண்டி நிற்கும்போது இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். உதடுகள் மெத்தென்று பிரிந்து சேர வேண்டும். ரப்பர் விறைத்து வாய் திறந்தபடியே இருந்தால் கீழ்வழியாகச் சக்கரத்துப் புழுதியை உறிஞ்சும். சேறு இறுகி ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் பெட்டிக்குள்ளேயே நிற்கும். சர்விஸ் ஸ்டேஷனில் அண்டர் வொஷ் அடிக்கும்போது அறுந்து விழுந்து, அதை யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓடுகிற லொறிகள் நிறைய.

ரோட்டில் தண்ணீர் பாய்கிறது. எவ்வளவு ஆழம் வரை போகலாம்?

ஆழத்தை டயரை வைத்து அளக்காதீர்கள். உங்கள் வண்டியின் காற்று வாய் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பொனட்டைத் திறந்து பாருங்கள். சில வேன்களில் அது நீங்கள் நினைப்பதை விடத் தாழ்வாக, முன் விளக்குக்குப் பின்னாலேயே இருக்கும். வண்டி வேகமாகப் போனால் முன்னால் எழும் அலை, நிற்கும் தண்ணீரை விட உயரும். எதிரே வரும் பஸ் கிளப்பும் அலை அதையும் விட உயரும்.

தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு தடவைகூட. தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 2.5 லீட்டர் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில், பிஸ்டன் முழுக்க மேலே வரும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 40 மில்லி லீட்டர்தான். அதை விட அதிகமாகத் தண்ணீர் ஒரு சிலிண்டரில் இருந்தால், ஸ்டார்ட்டர் சுற்றும் பலத்திலேயே கொனெக்டிங் ரொட் வளையும். பல எஞ்சின்கள் செத்தது ஆற்றில் இல்லை, கரைக்கு இழுத்து வந்த பிறகு ‘ஒருக்கா அடிச்சுப் பாப்போம்’ என்று சாவி திருப்பியபோதுதான்.

பாஸ் வந்ததும் செய்ய வேண்டியது: ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலிமென்டுக்கு உள்பக்கம் ஈரமா என்று பார்ப்பது. ஈரம் என்றால் ஹோஸ்களைக் கழற்றி, இன்டர்கூலரை எடுத்துக் கவிழ்த்து வடிப்பது, ஏனென்றால் அதன் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளை அல்லது டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவது. ஒயில் குச்சியில் பால் தேத்தண்ணி நிறம் தெரிந்தால் ஒயிலையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

ஃபில்டர் புதுசு. ஆனாலும் ஏற்றத்தில் புகை, இழுவை இல்லை. டர்போ போய்விட்டதா?

டர்போவைக் குற்றம் சொல்லும் முன்னால் ஹோஸைப் பாருங்கள். டர்போ மாற்றச் சொல்லி வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு வேண்டியது ஒரு கிளிப்தான்.

காற்று வழியில் ஒழுகல் இரண்டு வகை. இரண்டும் செய்யும் கெடுதல் வேறு வேறு. டர்போவுக்குப் பின்னால், அதாவது டர்போ, இன்டர்கூலர், மெனிஃபோல்ட் நடுவே ஒழுகினால், அமுக்கிய காற்று வெளியே போகும். கறுப்புப் புகை, ஏற்றத்தில் உஸ்ஸென்று சத்தம், டீசல் செலவு. இது தொல்லை, ஆனால் எஞ்சினைக் கொல்லாது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே ஒழுகினால் அங்கே உறிஞ்சல் இருப்பதால் வெளிக்காற்று வடிகட்டப்படாமல் உள்ளே போகும். புகை இல்லை, சத்தம் இல்லை, வண்டி நன்றாகவே ஓடும். தூசியும் போய்க்கொண்டே இருக்கும். எனக்குப் பயம் இந்த இரண்டாவது வகையில்தான்.

முதல் வகையைக் கண்டுபிடிக்க, எஞ்சின் ஆறியதும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். மேலே எப்போதும் நன்றாகத்தான் தெரியும். வெடிப்பு வருவது அடியில், கிளிப் கடிக்கும் ஓரத்தில் அல்லது வளைவில். விரலில் கறுப்பு ஒயில் பிசுபிசுப்பு ஒரே கோடாக ஒட்டினால் அங்கேதான் காற்று போகிறது. ஹோஸை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு, அழுத்தத்தில்தான் வாய் திறக்கும். ஒருவர் எக்ஸலேட்டரைக் கூட்ட, இன்னொருவர் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் சில சமயம் நுரை காட்டிக் கொடுக்கும். ஆனால் சுமை இல்லாமல் நிற்கும் வண்டியில் டர்போ முழு அழுத்தம் தராது என்பதால், நுரை வராவிட்டால் ஒழுகல் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இரண்டாவது வகைக்கு வெள்ளைத் துணி போதும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயைக் கழற்றி, உள்ளே துணியைச் சுற்றித் துடையுங்கள். கொஞ்சம் ஒயில் ஈரம் வந்தால் பரவாயில்லை. மண் நிறத்தில் சொரசொரப்பு வந்தால் எங்கேயோ தூசி புகுகிறது. அப்படியே டர்போவின் வாயில் டோர்ச் அடித்து, அதற்குள் சுழலும் சக்கரத்தின் இலைகளைப் பாருங்கள். ஓரங்கள் கூர்மையாக, மினுக்கமாக இருக்க வேண்டும். மழுங்கி, மணல் அடித்தது போல் மங்கலாக இருந்தால் ரொம்ப நாளாகவே தூசி குடிக்கிறது. அந்த எஞ்சினுக்குப் புது டர்போ பூட்டும் முன் கம்பிரஷனையும் பாருங்கள்.

நம் ரோட்டின் குலுக்கலில் கிளிப்கள் தளர்வது இயற்கை. எயார் ஃபில்டரைத் தொடாத மாதத்திலும் எல்லாக் கிளிப்பையும் ஒரு தடவை ஸ்க்ரூ ட்ரைவரால் தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்துங்கள், மூச்சுப் பிடித்து முறுக்கினால் ரப்பர் அறுந்துவிடும்.

டர்போ ஹோஸுக்குள் ஒயில் இருக்கிறது. ஆபத்தா?

உள்சுவரில் மெல்லிய படலமாக இருந்தால் சாதாரணம். எஞ்சினின் பிரீதர் குழாய் ஒயில் ஆவியை இதற்குள்தான் அனுப்புகிறது. இன்டர்கூலரைக் கவிழ்த்தால் கோப்பைக் கணக்கில் ஊற்றுகிறது, கூடவே நீலப் புகையும் என்றால் டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங் விஷயம். அப்போதும் முதலில் ஃபில்டர் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணே, கனடாவில் இருக்கும் மச்சான் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டி வீடியோ அனுப்பியிருக்கிறார். அதில் காற்று வாய்க்கு ஒரு வலைத்துணி போடுகிறார்கள். நம்ம லொறிக்கும் போடலாமா?

கேட்டவர் ஒருவரில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கே பிரச்சினை வேறு. ஆழமான பொடிப்பனியில் ஓடும்போது முன்பக்கம் எழும் பனி, பொனட்டின் மேலாக வந்து காற்று வாய்களில் அப்பிக்கொள்ளும். டர்போ இருந்தால் இழுவிசை கூடுதல் என்பதால் இன்னும் சீக்கிரம் அப்பும். ஸ்கி-டூ மாதிரி நிறுவனங்கள் இப்போது தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டி 850 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை விற்பதால் இது அங்கே பெரிய பேச்சு. உள்ளே போகும் பனி எஞ்சின் சூட்டில் உருகித் தண்ணீராகும், வண்டியை நிறுத்தினால் அந்தத் தண்ணீர் மறுபடி உறைந்து வலையில் பனிக்கட்டி ஓடாகிவிடும். அதற்காகத்தான் தண்ணீர் ஒட்டாத வலைத்துணியை அகலமான பரப்பில் போடுகிறார்கள், காற்று வாயை ஹாண்டில் பக்கம் உயரத்துக்குக் கொண்டுபோகிறார்கள், நிற்கும் இடத்திலெல்லாம் கையால் பனியைத் தட்டிவிடுகிறார்கள். தடித்த பஞ்சு நுரையைத் தவிர்க்கிறார்கள், அது ஈரம் குடித்து உறையும் என்று.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பல ஸ்னோமொபைல்களில் நம்முடையது மாதிரி காகித ஃபில்டரே கிடையாது. பனி மூடிய நிலத்தில் தூசி ஏது? அந்த வலைக்கு வேலை பனியைத் தடுப்பது மட்டும். நம் 10 மைக்ரான் புழுதிக்கு அது திறந்த வாசல். நம் மழையில் சேறு அப்பினால் அதுவே அடைப்பு. பெண்கள் அணியும் நைலோன் காலுறையை, கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாயான ஸ்னோர்கலில் மாட்டிவிடுகிற பழக்கமும் இதே கதைதான். சின்ன வாயில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டினால், தூசி பிடிக்கிறதோ இல்லையோ, காற்று குறையும்.

ஆனால் அங்கே இருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் உண்டு. காற்று வாய் உயரமாக இருப்பது நல்லது, எதைத் தடுப்புப் போட்டாலும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலைக்கு ஓடும் லொறிக்கு, வாயை விடப் பல மடங்கு பெரிய கூடை மாதிரி ஒரு கம்பி வலை செய்து மாட்டினால் தும்பும் காய்ந்த யூக்கலிப்டஸ் இலையும் ஃபில்டர் பெட்டிக்குள் போகாது. அதையும் கிழமைக்கு ஒருமுறை கையால் துடைக்க வேண்டும்.

ஸ்னோர்கல், மேலே கிண்ணம் மாதிரி உள்ள ப்ரீ கிளீனர், இவை பிரயோசனமா?

தோட்டத்துக்குள்ளேயே ஓடும் கெப்புக்கும் டிராக்டருக்கும் நிச்சயமாக. கூரை உயரத்துக் காற்றில் புழுதி குறைவு. கிண்ண வகை, காற்றைச் சுழற்றி கனமான தூசியை ஓரத்தில் தள்ளிவிடும், அதனால் எலிமென்டுக்குப் போகும் சுமை குறையும். பொருத்தும்போது ஒவ்வொரு மூட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். அழகுக்காகப் பூட்டி, உள்ளே குழாயைச் சரியாக இணைக்காமல் விட்ட ஸ்னோர்கல்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் இறங்கும்போது அவை ஓட்டுநருக்குத் தைரியம் மட்டும்தான் தரும்.

ஒயில் பூசிய பஞ்சுத்துணி ‘ரேஸ்’ ஃபில்டர் போட்டால் இழுவை கூடுமா?

மலையகத்துப் புழுதியில் வேண்டாம். அதிகம் ஒயில் பூசினால் அந்த ஒயில் காற்று அளக்கும் சென்சாரில் படிந்து வேறு கோளாறைக் கொண்டுவரும்.

மலிவான எலிமென்டும் அசலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே?

பெட்டியில் அச்சடித்த பெயரைப் பார்க்காமல் ஓரத்து ரப்பரைப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே நிமிர வேண்டும். கல் மாதிரி இருந்தால் பெட்டியோடு ஒட்டாது. மடிப்புகள் நெருக்கமாக, ஒரே இடைவெளியில், ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க வேண்டும். மடிப்புக் குறைவென்றால் காகிதப் பரப்பும் குறைவு, சீக்கிரம் அடையும். உங்கள் பழைய அசலைக் கையோடு கொண்டுபோய் உயரத்தையும் உள்விட்டத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பெட்டிக்குள் வைத்து மூடும்போது கொக்கிகள் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும். லொடலொடவென்று மூடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லொறி இரண்டு மாதம் நின்றது. எடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

எலியும் குளவியும். எலிக்கு ஃபில்டர் பெட்டி நல்ல வீடு: காற்று வாய் கதவு, காகிதம் மெத்தை. எலிமென்டைக் கடித்து ஓட்டை போட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மண் கூடு கட்டும் குளவி ரப்பர் சொண்டுக்குள்ளும் பிரீதர் குழாய் நுனியிலும் கட்டியிருக்கும். பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். மறுபடி நிறுத்தி வைக்கும்போது காற்று வாயில் கம்பி வலை கட்டிவிடுங்கள். துணி அடைத்தால் எடுக்க மறந்துபோகும். அப்படி அடைத்தே ஆக வேண்டுமென்றால் சிவப்புத் துணியாக எடுத்து, அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் தெரியும்படி கட்டுங்கள்.

ஜனவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுகிற காலையில் காற்று வழி உறைந்துபோகுமா?

போகாது. புல்லும் கொழுந்தும் கருகும் அளவுக்கு நிலத்தில் பனி உறைந்தாலும், உலர்ந்த ஃபில்டர் பெட்டிக்குள் உறைய ஒன்றும் இல்லை. குளோ பிளக் விளக்கு அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் செய்து, ஒயில் டர்போவுக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் கொடுங்கள். எடுத்த எடுப்பில் உறுமவிடாதீர்கள். வெந்நீர் ஊற்றுவதாக இருந்தால் முன் கண்ணாடியில்கூட வேண்டாம், வெடிக்கும்.

ஏற்றம் ஏறி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தலாமா?

காற்று வழிக் கேள்வி இல்லைதான், ஆனாலும் எல்லோரும் கேட்கிறார்கள். முழுச் சுமையில் ஏறி வந்து உடனே சாவியைத் திருப்பினால், கொதிக்கும் டர்போவுக்குள் நிற்கும் ஒயில் கருகிக் கட்டியாகும். ஓரிரு நிமிடம் ஐட்லில் விடுங்கள். டீ ஓர்டர் பண்ணிவிட்டு வந்து நிறுத்தினால் சரியாக இருக்கும்.

புகைப் பரிசோதனைக்குப் போகும்போது எலிமென்டைக் கழற்றிவிட்டுப் போனால் பாஸாகும் என்கிறார்களே?

கழற்றினால் புகை குறைகிறது என்றால் உங்கள் எலிமென்ட் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். புதுசு போட்டாலும் அதே அளவு குறையும். பரிசோதனை நிலையத்துக்குப் போக வர ஓடும் தூரத்திலேயே, எக்ஸலேட்டரை முழுக்க அழுத்திப் பார்க்கும் அந்த நேரத்திலேயே, முற்றத்துப் புழுதி நேராக டர்போவுக்குள் போகும். புது எலிமென்ட் போட்டும் புகை குறையாவிட்டால் மேலே சொன்ன ஹோஸ், கிளிப், இன்டர்கூலர் எல்லாவற்றையும் பார்த்து, அப்புறம் இன்ஜெக்டருக்குப் போங்கள். இன்டர்கூலரின் வெளிப்பக்கத் தகடுகளில் சேறும் பூச்சியும் அப்பியிருந்தால் அதையும் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். சர்விஸ் ஸ்டேஷன் கன்னைக் கிட்டப் பிடித்தால் தகடுகள் மடிந்துவிடும்.